பென்ஷன் நின்ற இடத்திலேயே நிற்கிறதா? உங்கள் எம்.பி.யைக் கேளுங்கள்

பிரிட்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வேறு நாட்டில் குடியேறிய ஒரு வாசகருக்கு, ‘உங்கள் அரசு பென்ஷன் இனி ஏறாது’ என்று போன இதழில் இரண்டே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரி எத்தனை பேருக்குக் கவலையைக் கிளப்பிவிட்டது என்பது வந்த கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. அதனால் இந்த முறை முழுக்க இதே விஷயம்தான். ஓட்டு பற்றி வந்த கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பிரச்சினை.

கேள்வி: ஐயா, நான் லண்டனில் 36 வருஷம் ஒரு ஃபாக்டரியில் வேலை செய்தனான். 2016-ல் பென்ஷன் தொடங்கின கையோட மகளோட இருக்கக் கனடா வந்திட்டன். அன்றைக்கு வந்த அதே காசுதான் இன்றைக்கும் வருது. என்னோட வேலை செய்த சிநேகிதி நயாகராவுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் இருக்கிறா. அவவுக்கு ஒவ்வொரு ஏப்ரலும் ஏறுது. இது என்ன நியாயம்? (வாசகி, ரொறன்ரோ)

பதில்: நியாயம் இல்லை அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம்.

பிரிட்டனில் அரசு பென்ஷன் ஏப்ரல்தோறும் உயர்கிறது. விலைவாசி உயர்வு, சராசரி சம்பள உயர்வு, 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு. டிரிபிள் லாக் என்று அங்கே சொல்வது இதைத்தான். 2023-ல் 10.1 சதவீதம், 2024-ல் 8.5, 2025-ல் 4.1, 2026-ல் 4.8 என்று ஏறியிருக்கிறது. இந்த உயர்வு பிரிட்டனில் இருப்பவர்களுக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் இருப்பவர்களுக்கு உண்டு, பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அதோடு, பென்ஷன் உயர்வையும் உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்ட சில நாடுகள் இருக்கின்றன: அமெரிக்கா, இஸ்ரேல், ஜமைக்கா, பார்படாஸ், பிலிப்பைன்ஸ், துருக்கி, மொரீஷியஸ் போன்றவை. அங்கே இருப்பவர்களுக்கும் உண்டு. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா என்று போனவர்களுக்குக் கிடையாது. போன அன்று என்ன வந்ததோ, அல்லது அங்கே இருந்தபடி பென்ஷன் தொடங்கிய அன்று என்ன வந்ததோ, அதுவேதான் கடைசிவரை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 2016 ஏப்ரலில் புதிய பென்ஷன் திட்டம் வந்தபோது முழுத் தொகை வாரத்துக்கு 155.65 பவுண்டு. 2026 ஏப்ரலில் அது 241.30 ஆகிவிட்டது. நீங்கள் இருவரும் முழுப் பென்ஷன் வாங்குபவர்கள் என்று வைத்துக்கொண்டால், உங்களைவிட அவருக்கு வாரத்துக்கு 85.65 பவுண்டு, வருஷத்துக்கு ஏறக்குறைய 4,450 பவுண்டு கூடுதலாக வருகிறது. இருவரும் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸ் (பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் காப்பீட்டுத் தொகை) ஒன்று, நின்று வேலை செய்த இடம் ஒன்று. நடுவில் இருப்பது ஓர் அருவியும் ஓர் ஒப்பந்தமும்தான்.

வயது கூடக்கூட இந்த இடைவெளி எவ்வளவு கொடுமையாகிறது என்பதற்கு ஆன் பக்ரிட்ஜைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றியவர், 2001-ல் குடும்பத்தோடு இருப்பதற்காகக் கனடா போனார், பென்ஷன் வாரம் 72.50 பவுண்டில் நின்றது. அவரைப் போல 2016-க்கு முன்பே பென்ஷன் தொடங்கியவர்களுக்கான பழைய அடிப்படைப் பென்ஷன், பிரிட்டனில் இருப்பவர்களுக்கு 2025-26-ல் வாரம் 176.45 பவுண்டு. நூறு வயதைத் தொடும் நேரத்தில், 2024 டிசம்பரில், இதற்காக அவர் விமானம் ஏறி லண்டனுக்குப் போய் நியாயம் கேட்டார். அந்த வயதில் ஒருவரை அப்படி அலையவிடும் விதி எதுவாக இருந்தாலும் அது தப்பான விதி.

அரசாங்கம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் விலைவாசி ஏறுவதற்கு ஈடாகத்தான் உயர்வு கொடுக்கிறோம், வெளிநாட்டு விலைவாசிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது. நீங்கள் கட்டிய பணம் உங்கள் பெயரில் சேமிப்பாக இருப்பதில்லை, இன்று வேலை செய்பவர்கள் கட்டுவதுதான் இன்றைய பென்ஷனாகப் போகிறது என்றும் சொல்கிறது. இரண்டாவது உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவில் இருக்கும் உங்கள் சிநேகிதிக்கும் பொருந்தும் இல்லையா? ஸ்பெயினின் கடற்கரையில் இருப்பவருக்கும் பொருந்தும் இல்லையா? அவர்களுக்குக் கொடுக்க முடிகிறதென்றால் கொள்கை இடிக்கவில்லை, செலவுதான் இடிக்கிறது. இப்படிப் பென்ஷன் நின்றுபோனவர்கள் நாலரை லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆஸ்திரேலியாவில். ஆஸ்திரேலியா இதைக் கண்டித்து 2001-ல் பிரிட்டனோடு இருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. கனடா, ஒப்பந்தம் போடலாம் வாருங்கள் என்று பலமுறை கேட்டுவிட்டது, பிரிட்டன்தான் மறுக்கிறது. இதில் எனக்கு மனசே ஆறாத இடம் ஃபாக்லாந்து தீவுகள். அது பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி, 1982-ல் அதற்காகப் போரே நடந்தது. அங்கே குடியிருக்கும் பென்ஷன்தாரருக்கும் உயர்வு கிடையாது.

கேள்வி: இவ்வளவு அப்பட்டமான பாரபட்சம் என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே சார்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போய்ப் பார்த்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்பவருக்கு 2000-ல் பென்ஷன் வாரம் 67.50 பவுண்டில் தொடங்கி அங்கேயே நின்றது. அவர் வழக்குப் போட்டார். 2005-ல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். விடாமல், இன்னும் 12 பேரோடு சேர்ந்து ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2010 மார்ச்சில் அங்கேயும் 11-க்கு 6 என்று தோல்வி. வேறு நாட்டில் வாழ்பவரின் நிலைமையும் பிரிட்டனில் வாழ்பவரின் நிலைமையும் ஒப்பிடக்கூடியவையே அல்ல என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து.

அதோடு கோர்ட் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. ஆனால் யாருக்கு உயர்வு, யாருக்கு இல்லை என்பது அமைச்சர் கொண்டுவரும் ஒழுங்குவிதிகளில் இருக்கிற விஷயம். எழுதியவர்கள் மாற்றி எழுதலாம். மாற்றச் சொல்லி அவர்களை நெருக்கக்கூடியவர்கள் எம்.பி.க்கள், எம்.பி.யை நெருக்கக்கூடியவர் அவருக்கு ஓட்டுப் போடுகிறவர். அடுத்த கேள்வியை ஏன் இவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன் என்பது இப்போது புரியும்.

கேள்வி: ஐயா, நான் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவன். ஈஸ்ட் ஹாமில் பல வருஷம் இருந்துவிட்டு 1998-ல் சென்னை வந்தேன். 15 வருஷம் ஆனதும், இனி ஓட்டு கிடையாது என்று சொல்லிப் பேரை எடுத்துவிட்டார்கள். இப்போது ஏதோ மாறியிருக்கிறதாமே? (வாசகர், சென்னை)

பதில்: மாறியிருக்கிறது, உங்களுக்கு ஓட்டு திரும்ப வந்துவிட்டது. 2024 ஜனவரி 16 முதல் அந்த 15 வருஷக் கெடு கிடையாது. பிரிட்டிஷ் குடிமகனாக இருந்து, ஒரு காலத்தில் அங்கே வாக்காளராகப் பதிவாகியிருந்தாலோ அல்லது சும்மா குடியிருந்திருந்தாலோ போதும், நாட்டைவிட்டு வந்து எத்தனை வருஷம் ஆனாலும் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம்.

இது சும்மா கிடைத்ததில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஓட்டு என்பதே 1985-ல்தான் சட்டமானது, அதுவும் கிளம்பி ஐந்து வருஷம்வரை மட்டும். 1989-ல் அதை 20 வருஷமாக்கினார்கள். 2000-ல் வந்த சட்டம் 15-ஆகக் குறைத்தது. இத்தாலியில் குடியேறியிருந்த ஹாரி ஷிண்ட்லர் என்ற முன்னாள் படைவீரர், இரண்டாம் உலகப் போரில் அன்ஸியோவில் சண்டையிட்டவர், இந்தக் கெடுவை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடினார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் 2013-ல் தோற்றார். 2016-ல் பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் தன்னைப் போன்றவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று லண்டனில் வழக்குப் போட்டு அதிலும் தோற்றார். ஐரோப்பாவில் வாழும் தங்களுடைய வாழ்க்கையையே புரட்டிப்போடக்கூடிய ஒரு வாக்கெடுப்பில், 15 வருஷம் தாண்டிய ஒரே காரணத்துக்காக இவர்களை வெளியே நிறுத்தினார்கள். கடைசியில் 2022-ல் தேர்தல் சட்டம் நிறைவேறியது. அதை அவர் பார்த்தார், ஆனால் அது நடைமுறைக்கு வரும் முன்பே 2023 பிப்ரவரியில் 101 வயதில் காலமாகிவிட்டார். இந்த உரிமை கையில் இருந்தும் பதிவு செய்யாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

சரி, எப்படிப் பதிவது? பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் வாக்காளர் பதிவுப் பக்கம் இருக்கிறது. நேஷனல் இன்சூரன்ஸ் எண், பாஸ்போர்ட் விவரம், பிரிட்டனில் கடைசியாக உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்த விலாசம், எப்போது கிளம்பினீர்கள் என்பது, இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். விண்ணப்பம் அந்த விலாசம் எந்தக் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) கீழ் வருகிறதோ அங்கே போகும். உங்களுக்கு நியூஹாம். வெம்பிளிக்காரர் என்றால் பிரென்ட், டூட்டிங் என்றால் வாண்ட்ஸ்வர்த். உங்கள் ஓட்டும் அந்த விலாசம் இப்போது இருக்கும் தொகுதிக்குத்தான். அந்த வீட்டை விற்றுவிட்டாலும் கவலையில்லை.

1998 பட்டியலில் உங்கள் பெயரைத் தேடி எடுக்க முடியாமல் போனால் கவுன்சில் வேறு சான்று கேட்கும். பழைய கவுன்சில் டாக்ஸ் பில், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வரி அலுவலகக் கடிதம் என்று அந்த விலாசமும் உங்கள் பெயரும் சேர்ந்திருக்கும் எதுவும் உதவும். பீரோவுக்கு அடியில் கிடக்கும் அந்தப் பழைய ஃபைலைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றுமே இல்லையென்றால், நீங்கள் அங்கே இருந்தவர்தான் என்று ஒருவர் உறுதி எழுதித் தரலாம். அவர் பதிவான பிரிட்டிஷ் வாக்காளராக இருக்க வேண்டும், கணவன், மனைவி, பிள்ளைகள் போன்ற நெருங்கிய சொந்தமாக இருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இது நாடாளுமன்றத்துக்கான ஓட்டு மட்டும்தான். கவுன்சில் தேர்தல், லண்டன் மேயர், ஸ்காட்லாந்து, வேல்ஸ் சட்டமன்றங்கள் எதற்கும் வெளிநாட்டிலிருந்து போட முடியாது.

கேள்வி: நான் கடைசிவரை இந்தியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. பிரிட்டனில் 14 வருஷம் வேலை, அங்கே ஓட்டும் போட்டிருக்கிறேன். இப்போது மதுரையில் இருக்கிறேன். எனக்கு ஓட்டும் பென்ஷனும் உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: பென்ஷன் உண்டு, ஓட்டு இல்லை. காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டனில் குடியிருக்கும்வரை எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம், அதனால்தான் அப்போது போட்டீர்கள். வெளிநாட்டு வாக்காளராகப் பதிய பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும். பென்ஷனுக்குக் குடியுரிமை கணக்கே இல்லை, எத்தனை வருஷம் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டினீர்கள் என்பதுதான் கணக்கு. குறைந்தது 10 வருஷம் இருந்தால் பென்ஷன், 35 இருந்தால் முழுசாக. உங்கள் 14 வருஷமும் புதிய திட்டத்தின் கீழ் முழுசாகக் கணக்கில் வந்தால் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு வரும். தானாக வந்துவிடாது, வயது வந்ததும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். இப்போது பென்ஷன் வயது 66, 2026-லிருந்து 2028-க்குள் அது 67 ஆகிக்கொண்டிருக்கிறது, உங்கள் பிறந்த தேதியை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகு இந்தியாவில் இருக்கும்வரை ஏறாது.

இந்தியாவோடு 2025-ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டிப் பேசிய சமூகப் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது தற்காலிகமாக வேலைக்கு அனுப்பப்படுபவர்கள் இரண்டு நாட்டிலும் கட்ட வேண்டாம் என்பதற்கானது. பென்ஷன் உயர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: வருஷத்துக்கு ஒருமுறை லண்டன் போய் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருக்கிறேன். அந்தச் சமயத்தில் பென்ஷன் கூடுமா? அங்கேயே போய்விட்டால்? (வாசகர், கொழும்பு)

பதில்: அங்கே இருக்கும் வாரங்களுக்கு அன்றைய நடப்பு விகிதத்தில் வாங்கலாம். ஆனால் சர்வதேச பென்ஷன் மையத்துக்கு நீங்கள்தான் தகவல் சொல்ல வேண்டும், இன்ன தேதி வந்தேன், இன்ன தேதி கிளம்புகிறேன் என்று. நிறையப் பேர் இது தெரியாமலே வருஷா வருஷம் போய்வருகிறார்கள். கொழும்பு திரும்பியதும் பழைய தொகைக்கே இறங்கிவிடும். நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் முழு நடப்புத் தொகை கிடைக்கும், மொரீஷியஸ் மாதிரி ஒப்பந்த நாட்டுக்குக் குடிபோனாலும் அப்படியே. ஏழ்மையில் இருப்பவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் பிரிட்டனில் வாழ்ந்தால் மட்டும்தான், வெளிநாட்டில் கிடையவே கிடையாது.

பென்ஷனுக்காகவே திரும்பிப் போகலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்த எண்ணம் தெரிகிறது. மகன் அங்கே இருக்கிறார் என்பதால் உங்களுக்கு அது சாத்தியம். பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு, எண்பது வயதில், தெரிந்தவர் யாருமே மிச்சமில்லாத ஊருக்குப் பணத்துக்காகத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பினால் வைத்தியம், வாடகை உதவி என்று அரசாங்கத்துக்குத்தான் கூடுதல் செலவு. இதை உங்கள் எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள், செலவு செலவு என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கேள்வி: லைஃப் சர்டிபிகேட் படிவம் வந்திருக்கிறது. அனுப்பாவிட்டால் என்ன ஆகும்? (வாசகர், திருச்சி)

பதில்: பென்ஷனை நிறுத்திவைப்பார்கள். படிவத்தில் சொல்லியிருக்கும் சாட்சியிடம் கையெழுத்து வாங்கி 16 வாரத்துக்குள் திருப்பி அனுப்புங்கள், ஒரு நகலும் தபால் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் முதல் வேலையாகப் புது விலாசத்தைத் தெரிவியுங்கள். படிவம் பழைய வீட்டுக்குப் போய்த்தான் பலருக்குப் பணம் நிற்கிறது.

கேள்வி: உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற கிழவன் கிழவிகள் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது? எந்தக் கட்சி கண்டுகொள்ளும்? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. பிரான்ஸ் வெளிநாட்டில் வாழும் தன் குடிமக்களுக்கென்றே 2012 முதல் 11 எம்.பி. இடங்கள் வைத்திருக்கிறது. பிரிட்டனில் அப்படி இல்லை, உங்கள் ஓட்டுகள் 650 தொகுதிகளில் பொடிப்பொடியாகப் பிரிந்துவிடுகின்றன. அதனால் ஓட்டு மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு எம்.பி. அலுவலகத்தில் எப்படி வேலை நடக்கிறது என்று யோசியுங்கள். கடிதம் வந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது விலாசத்தை. தொகுதிக்காரர் இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. 15 வருஷக் கெடு இருந்தவரை உங்களை மாதிரி ஆட்கள் எழுதிய கடிதங்களுக்கு அந்தக் கதிதான். இப்போது ‘நான் உங்கள் தொகுதியில் பதிவான வாக்காளர், வெளிநாட்டில் வாழ்கிறேன், என் பென்ஷன் இன்ன வருஷத்தில் இன்ன தொகையில் நின்றுவிட்டது’ என்று எழுதினால் அது தொகுதிக்காரர் குறை. அவர் அதை அமைச்சருக்கு அனுப்பலாம், அவையில் கேள்வியாகக் கேட்கலாம். இந்தப் பிரச்சினைக்கென்றே எல்லாக் கட்சி எம்.பி.க்களும் சேர்ந்த குழு ஒன்று அங்கே இருக்கிறது, அதில் சேரும்படி அவரைக் கேட்கலாம். விட்டுப்போன பாக்கி எல்லாவற்றையும் கொடுங்கள் என்று கேட்பவர்களோடு, பழையதை விடுங்கள், இனி வரும் உயர்வையாவது கொடுங்கள் என்ற சமரசத்துக்குத் தயாராக இருப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சமரசம் முழு நியாயமாகப் படவில்லை, ஆனாலும் 85 வயதுக்காரருக்கு இன்று கிடைக்கும் பாதி பெரிது. எதைக் கேட்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், கேட்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

கேள்வி: 2024 தேர்தலில் தபால் ஓட்டுக்கு எழுதிப் போட்டேன். ஓட்டுச்சீட்டு என் கைக்கு வந்தபோது தேர்தலே முடிந்திருந்தது. அடுத்த முறை என்ன செய்வது? (வாசகி, மெல்பர்ன்)

பதில்: ப்ராக்ஸி வையுங்கள், அதாவது உங்களுக்குப் பதிலாக அங்கே ஒருவர் போடட்டும். 2024 ஜூலை 4 தேர்தலில் உங்களைப் போலவே நிறையப் பேருக்கு ஆனது. வேட்புமனு முடிவதே தேர்தலுக்கு 19 வேலைநாள் முன்னால்தான், அதற்குப் பிறகு சீட்டை அச்சடித்து, உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பி, அது தேர்தல் அன்று இரவு 10 மணிக்குள் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து அதை நம்பி இருக்க முடியாது. பிரான்ஸிலோ ஸ்பெயினிலோ இருப்பவர் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

ப்ராக்ஸியாக இருப்பவர் அந்தத் தேர்தலில் ஓட்டுரிமை உள்ளவராக இருக்க வேண்டும், உங்கள் வாக்குச்சாவடிக்குத் தன் அடையாள அட்டையோடு போக வேண்டும். தூரமென்றால் அவர் தபாலில் போடவும் விண்ணப்பிக்கலாம். ஒருவர் நான்கு பேருக்குமேல் ப்ராக்ஸியாக இருக்க முடியாது, அந்த நால்வரில் பிரிட்டனிலேயே வசிக்கும் வாக்காளர்கள் இரண்டு பேர்தான் இருக்கலாம். அதனால் நம்பிக்கையான ஆளை முன்கூட்டியே பேசிவையுங்கள். பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலைநாள் முன்பு, ப்ராக்ஸிக்கு 6 வேலைநாள். ஆனால் அதுவரை காத்திருக்க எந்த அவசியமும் இல்லை, ப்ராக்ஸி விண்ணப்பத்தை இப்போதே இணையத்தில் கொடுக்கலாம். அடுத்த பொதுத்தேர்தல் 2029-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வெளிநாட்டு வாக்காளர் பதிவு அதிகபட்சம் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும், நவம்பர் 1-ஆம் தேதியோடு காலாவதியாகும். 2024-ல் பதிந்தவர்கள் உங்கள் பதிவு எந்த வருஷ நவம்பரில் முடிகிறது என்று கவுன்சிலுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள், புதுப்பிக்கும்போது ப்ராக்ஸியையும் மறக்காமல் சேர்த்தே புதுப்பியுங்கள்.